கடைசிப் பன்னிரண்டு வசனங்கள்

தங்கமுத்துவுக்கு அந்த இன்லேண்டு கடிதம் வந்தது 1979ஆம் வருஷம், மாசி முடிகிற சமயம். கிரேக்க இலக்கண வகுப்பை முடித்துவிட்டு ஆசிரியர் அறைக்கு வந்தவர், மேஜைமேல் கிடந்ததை எடுத்து நின்றபடியே ஓரத்தைக் கிழித்தார். எழுதியிருந்தவர் சுப்பையன். இருபது வருஷத்துக்கு முன்னால், சூரமங்கலத்துக்கு மேற்கே ரயில்பாதையை ஒட்டியிருந்த இதே இறையியல் கல்லூரியின் விடுதியில் இருவரும் ஒரே அறையில் இருந்தவர்கள். படிப்பு முடிந்ததும் தங்கமுத்து ஜெர்மனிக்குப் போய் டாக்டர் பட்டம் வாங்கிவந்து இங்கேயே ஆசிரியர் ஆனார். சுப்பையன் நாமக்கல்லுக்குத் தெற்கே வேலங்காட்டுப்புதூர் என்ற ஊருக்குப் போதகராகப் போய் அங்கேயே தங்கிவிட்டார். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும். மற்றபடி கடிதப் போக்குவரத்து கிடையாது.

கடிதம் இப்படி இருந்தது:

"அன்புள்ள தங்கமுத்து, உன் கட்டுரை என் சபைக்குள் வந்துவிட்டது. ராசிபுரத்திலிருந்து வந்த யாரோ அதை வாசித்துக் காட்டிவிட்டுப் போய்விட்டார்கள். வேதத்திலேயே இடைச்செருகல் உண்டாமே, அப்படியென்றால் எதை நம்புவது என்று கேட்கிறார்கள். உன்னைப்போல் வாதம் பண்ண எனக்குத் தெரியாது. ஆகையால் ஈஸ்டர் ஆராதனையில், சபைக்கு முன்பாக, பருத்திக்கு அடிக்கிற மருந்தை ஒரு டம்ளர் குடிக்கப் போகிறேன். அந்த வாக்குத்தத்தம் ஆண்டவருடையது என்றால் எனக்கு ஒன்றும் ஆகாது. நீ எழுதியது சரி என்றால், என் அடக்க ஆராதனைக்கும் இருந்துவிட்டுப் போகலாம். கட்டாயம் வரவும்."

கையெழுத்து கொஞ்சமும் நடுங்கவில்லை. தங்கமுத்துவை முதலில் உறுத்தியது அதுதான்.

அவருடைய ஆராய்ச்சி இரண்டாவது சுவிசேஷத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனங்களைப் பற்றியது. மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் அந்த வசனங்கள் இல்லை. கல்லறைக்குப் போன பெண்கள் அது காலியாகக் கிடப்பதைக் கண்டு, நடுங்கி ஓடிப்போய், பயத்தில் ஒருவரிடமும் வாய் திறக்காமல் இருந்தார்கள் என்பதோடு ஏடு நின்றுவிடுகிறது. இப்படிப் பயத்தில் போய் முடிகிறதே என்று மனம் பொறுக்காத யாரோ ஒருவர், காலம் கழித்து, ஒரு முடிவை எழுதிச் சேர்த்திருக்கிறார். விசுவாசிகள் பாம்பைக் கையில் எடுப்பார்கள், விஷத்தைக் குடித்தாலும் அவர்களுக்குச் சேதம் வராது என்கிற வாக்குறுதி அந்தச் சேர்த்த பகுதியில்தான் வருகிறது.

ஜெர்மனியில் இதைக் கண்டுகொண்ட நாட்களில் தங்கமுத்துவுக்கு விசுவாசம் போய்விடவில்லை. பொய்யாகக் கதை கட்டுகிறவர்கள் இப்படிக் கதையை முடிக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தோன்றியது. பயந்து ஓடிய அந்தப் பெண்களை அவர் முன்னைவிட அதிகமாக நம்பினார். அந்த நம்பிக்கையை நம் சனங்களுக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் 1977இல் திருச்சபை மாத இதழில் எளிய தமிழில் ஒரு கட்டுரை எழுதினார். மேலிடத்துக்கு மனுக்கள் பறந்தன. விசாரணைக்குழு ஒன்று உட்கார்ந்தது. வெள்ளை அங்கி போட்ட மூன்று பெரியவர்கள் இரண்டு மணி நேரம் அவரைக் குடைந்தார்கள். "ஏட்டில் இல்லாததை இருக்கிறது என்று சொல்ல என்னால் முடியாது, ஐயா" என்ற ஒரே பதிலை அவர் திருப்பித் திருப்பிச் சொன்னார். வேலை போகவில்லை, ஆனால் அதற்குப் பிறகு அவருக்கு இலக்கண வகுப்பு மட்டும்தான். அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்து அவருக்குள் ரகசியமாக ஒரு பெருமை இருந்தது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு கல்லூரி முதல்வரிடம் போனார். முதல்வர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இது அவங்க சபை விவகாரம். நாம கை வைக்க முடியாது. அன்னைக்கே சொன்னேன், இதையெல்லாம் வகுப்போட வச்சுக்குங்கன்னு."

"ஆள் செத்துப்போவாருங்க ஐயா."

"போலீசுக்குச் சொன்னா பேப்பர்ல வரும். அப்புறம் கல்லூரி பேர், உங்க பேர், எல்லாம் வரும். நீங்களே போய்ப் பேசிப் பாருங்க. பழைய சிநேகிதர்தானே?"

தங்கமுத்து சுப்பையனுக்கு இரண்டு கடிதம் எழுதினார். முதல் கடிதத்தில் பிரதிகளின் வரலாற்றை விளக்கியிருந்தார். இரண்டாவதில் கெஞ்சியிருந்தார். இரண்டுக்கும் பதில் இல்லை. ஈஸ்டருக்கு முந்தின லெந்து விரத நாட்கள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. வகுப்பில் வினைச்சொற்களை எழுதிப்போட்டுக்கொண்டிருக்கும்போதே கரும்பலகைக்கு முன் நின்றுவிடுவார். மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

அவர் மனைவி வசந்தாமணி பெரியாஸ்பத்திரியில் நர்ஸ். பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் டியூட்டி முடிந்து வந்தவள், காலைக் கழுவிவிட்டு அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, அந்த மருந்து குடிச்சவங்களை நீங்க பார்த்திருக்கறீங்களா?"

"இல்ல."

"நான் வாரத்துக்கு ரெண்டு பார்க்கறேன். வாயில நொரை தள்ளும். கண்ணுமணி கடுகாட்டம் சுருங்கிரும். மூச்சு விடோணும்னு நெனப்பு இருக்கும், விட முடியாது. அதையெல்லாம் அந்த ஆளுக்கு யாரு சொல்றது?"

"நான் என்ன பண்ணட்டும், வசந்தா? வசனம் அங்க இல்ல. இல்லாததை எப்படி..."

"போயி, நான் எழுதுனது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உசுரு போற எடத்துல கிரேக்கு என்னுங்க கிரேக்கு? அப்பறம் வந்து ஆண்டவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கலாம். அவரு புரிஞ்சுக்குவாரு."

தங்கமுத்து எழுந்து போய்ப் பரணிலிருந்து பையை இறக்கினார்.

சனிக்கிழமை மத்தியானம் நாமக்கல்லில் இறங்கி, மோகனூர் பஸ்ஸில் ஏறி, கைகாட்டி இருந்த இடத்தில் இறங்கி ஒரு மைல் நடந்தார். பருத்தி எடுத்து முடித்த காடுகளில் செடிகள் காய்ந்த மாறாக நின்றன. காற்று அசையவில்லை. எதிரே வந்த சைக்கிள்காரர் ஒருவர் அவருடைய வெள்ளைச் சட்டையையும் பையையும் பார்த்துவிட்டு, கேட்காமலே சொன்னார்: "மருந்து குடிக்கறதைப் பார்க்க வந்தீங்களா? அது நாளைக்குத்தானுங்க."

சுப்பையனின் வீடு சபைக் கோயிலை ஒட்டி இருந்தது. மனைவியையும் பிள்ளைகளையும் மோகனூருக்கு, மாமனார் வீட்டுக்கு அனுப்பிவைத்திருந்தார். அவராக அனுப்பினாரா, அந்த அம்மாளே கோபித்துக்கொண்டு போனாரா என்று தங்கமுத்துவுக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை. வாசல் பெருக்காமல் கிடந்தது, அடுப்பில் நெருப்பு இல்லை. நாற்பது நாள் ஒருவேளைச் சாப்பாட்டில் சுப்பையனின் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் வெள்ளைப்பூண்டு அழுகினமாதிரி ஒரு நெடி அடித்தது. மாடத்தில் அந்த மருந்து டப்பா இருந்தது. மண்டையோட்டுப் படம் வெளியே தெரிகிறபடி வைத்திருந்தார்.

"வந்துட்டியா? வரமாட்டீன்னு நெனச்சேன்" என்றார் சுப்பையன்.

"ஏப்பா, என்ன வெளையாட்டு இது? நாம கிரேக்கு ஒண்ணாத்தானே படிச்சோம். உனக்குத் தெரியாதா?"

"தெரியும். நீ எழுதறதுக்கு முந்தியே தெரியும்."

"அப்பறம்?"

சுப்பையன் அவரை வெளியே கூட்டிக்கொண்டு வந்து, வரப்பில் நடந்து போய்க்கொண்டிருந்த பெண்களைக் காட்டினார். தலையில் விறகுக்கட்டு, கீழே வெறுங்கால்.

"பாரு, ஒருத்தர் காலுலயும் செருப்பு இல்ல. கடலைக்காட்டுல களை எடுக்கறதும், காய் புடுங்கறதும் இந்தக் காலோடதான். ஒவ்வொரு வருஷமும் ரெண்டு பேரு, மூணு பேரு பாம்புக்குப் போறாங்க. மத்தவங்க மறுநாள் அதே காட்டுக்குள்ள எறங்கோணும். எதை நம்பி எறங்குவாங்க? அந்த வசனம்தான் தங்கமுத்து இவங்களுக்குச் செருப்பு. நீ அதைக் கழட்டிப்போட்டே."

"செருப்பு இருக்குதுன்னு நெனச்சுட்டு முள்ளுல நடக்கச் சொல்றதா?"

"உனக்குச் சொல்லிப் புரியாது. நாளைக்குப் பாரு."

"உனக்குப் பயமா இல்லையா?"

சுப்பையன் வேலியோரம் போய்க்கொண்டிருந்த ஆட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பொழுது சாயும் வரைக்கும் தங்கமுத்து பேசிப் பார்த்தார். தர்க்கத்தில் பேசினார், பழைய சிநேகத்தைச் சொல்லிப் பேசினார், வசந்தாமணி சொன்ன நுரையையும் கண்மணியையும்கூடச் சொன்னார். சுப்பையன் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்துவிட்டு, ஜெபம் பண்ண வேண்டும் என்று கோயிலுக்குள் போய்விட்டார்.

ஈஸ்டர் காலை எட்டு மணிக்கெல்லாம் கோயிலைச் சுற்றிக் கூட்டம். சபையார் ஐம்பது பேர் இருப்பார்கள், எல்லோரும் காலனி சனம். வெளியே அதைப்போல் மூன்று மடங்கு சனம் நின்றது. தோட்டக்காரக் கவுண்டர்கள், மோகனூர் கடைவீதி ஆட்கள், லாரிக்காரர்கள் இருவர். யாரோ சைக்கிளில் ஐஸ் பெட்டி வைத்து விற்றுக்கொண்டிருந்தார். சன்னல் கம்பிகளில் முகங்கள் அப்பிக்கொண்டு நின்றன.

தங்கமுத்துவை முன்வரிசையில் ஒரே ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். பீடத்தின்மேல் வெள்ளைத்துணி. அதன்மேல் ஒரு எவர்சில்வர் டம்ளர், அதை மூடி ஒரு சின்னத் தட்டு. பாட்டுப் பாடினார்கள். பாடும்போது எல்லோருடைய கண்ணும் அந்தத் தட்டின்மேலேயே இருந்தது. சுப்பையன் வேதபாடத்தை வாசித்தார். கடைசிப் பன்னிரண்டு வசனங்களையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். வாசித்துவிட்டுத் தட்டை எடுத்தார். அதே நெடி முன்வரிசை வரைக்கும் வந்தது. டம்ளரில் இருந்தது பாலைப்போல் வெளுத்திருந்தது.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்தாள். நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். கறுத்து, உயரமாக, முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தாள். பெயர் குஞ்சம்மாள் என்று பிறகுதான் தெரிந்தது.

"போதகரய்யா, சித்த நில்லுங்க. குடிக்கறதுக்கு முந்தி நான் ஒண்ணு கேட்டுக்கறேன்." தங்கமுத்துவின் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க சாமி, நீங்க கப்பலேறிப் போயி அந்தப் பழைய ஏட்டையெல்லாம் கண்ணால பார்த்தவங்களாமா. எங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க. சுத்தி வளைக்காம ஒரே வார்த்தை சொல்லுங்க. அது இருக்குதுங்களா, இல்லீங்களா?"

வெளியே ஐஸ்காரரின் மணிகூட நின்றுவிட்டது.

தங்கமுத்து எழுந்தார். டம்ளரைப் பிடித்திருந்த சுப்பையனின் விரல்களைப் பார்த்தார். கடிதத்தில் நடுங்காத கை இப்போது நடுங்கிக்கொண்டிருந்தது. டம்ளரின் விளிம்பில் பால்நிறம் அலை அடித்தது. அச்சிட்ட புத்தகத்தில் அது இருக்கத்தானே இருக்கிறது, இருக்கிறது என்று சொன்னால் அது பொய் ஆகாது என்று ஒரு நினைப்பு சட்டென்று வந்தது. அந்த நினைப்பின் சாமர்த்தியம் அவருக்கே அருவருப்பாக இருந்தது. ஆனால் வாய் அதற்குள் திறந்துவிட்டது.

"இருக்குதும்மா."

"நல்லாச் சொல்லுங்க."

"இருக்குது. நான் எழுதுனது தப்பு. ஆண்டவருடைய வார்த்தைதான் அது. அதைச் சோதிச்சுப் பார்க்கக்கூடாது. போதகர் குடிக்க வேண்டியதில்லை."

கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது. பெண்கள் அழுதார்கள். யாரோ அல்லேலூயா என்று கத்தினார். சுப்பையன் டம்ளரை மெல்லக் கீழே வைத்தார். இருவர் கண்ணும் ஒரு கணம் சந்தித்தன. சுப்பையன்தான் முதலில் பார்வையைத் திருப்பிக்கொண்டார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஏமாந்து, சிரித்து, கலைந்துபோனார்கள். டம்ளரைக் கொண்டுபோய்க் கோயிலுக்குப் பின்னால் கவிழ்த்தார்கள்.

மத்தியானம் பஸ் ஏற்றிவிடக் கைகாட்டி வரைக்கும் பத்துப் பேர் வந்தார்கள். குஞ்சம்மாள் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தூரத்தில் பஸ்ஸின் புழுதி தெரிந்ததும் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பப் பாம்பும் ஒண்ணும் பண்ணாதுங்களா சாமி? அதும் அதுலயேதானே வருதுங்க?"

தங்கமுத்து பஸ்ஸைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஐந்து நிமிஷம் இருந்தால் சொல்லிவிடலாம். சொன்னால் காலையில் சொன்னது எல்லாம் குலையும். சுப்பையன் மறுபடியும் டம்ளரை எடுத்துவிட்டால்?

"நம்பிக்கையா இருங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் பையை வாங்கிக்கொண்டு ஏறினார்.

வீட்டில் வசந்தாமணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நல்ல காரியம் பண்ணினீங்க" என்றாள். அவரும் அப்படித்தான் நினைக்கப் பார்த்தார். ஒரு உயிர் மிஞ்சியிருக்கிறது, அதற்குமேல் என்ன வேண்டும்? ஆனால் மனம் அடங்கவில்லை. பரீட்சைத் தாள் திருத்தும்போது, ரயில்வே கேட்டில் நிற்கும்போது, கைகாட்டி அருகே நின்ற அந்தக் கறுத்த முகம் வந்து நிற்கும். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் முகம். போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும் என்று வைகாசியில் நினைத்தார், ஆனியில் நினைத்தார். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு வேலை வந்தது. வேலை வந்தது அவருக்கு ஆறுதலாகவும் இருந்தது.

இதற்குள் செய்தி மேலிடத்துக்குப் போய்விட்டது. மூன்று பெரியவர்களால் முடியாததை ஒரு பட்டிக்காட்டுச் சபை முடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். ஆடி மாதம் முதல்வர் அவரைக் கூப்பிட்டுக் கைகொடுத்தார். மறுபடியும் புதிய ஏற்பாட்டு வகுப்பு, கூடவே துணைமுதல்வர் பதவி. ஜெர்மனியில் அவருடைய பேராசிரியருக்கு எழுபது வயது நிறைகிறது என்றும், மாணவர்கள் சேர்ந்து ஒரு கட்டுரை மலர் போடுகிறார்கள், அந்தப் பன்னிரண்டு வசனங்களைப் பற்றி தங்கமுத்துதான் எழுத வேண்டும் என்றும் ஒரு கடிதம் வந்தது. தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் இரண்டு வாரம் உட்கார்ந்தார். முதல் வாக்கியம் வரவில்லை. உடல்நலம் சரியில்லை என்று எழுதிப் போட்டார். அதுவும் பொய்தான், ஆனால் எளிதாக வந்தது.

ஐப்பசியில் ஒருநாள் காலை பதினொரு மணி. வெளியே நல்ல மழை. வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். வேட்டி முழங்கால்வரை சேறு. குடை இல்லை. தங்கமுத்து சாக்கட்டியைக் கீழே வைத்தார். சுப்பையன் என்று அடையாளம் தெரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. என்ன செய்தி என்று தெரிய அந்த ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

வராந்தாவில் நின்று பேசினார்கள்.

"குஞ்சம்மாளா?"

"ஆமா. முந்தாநேத்து. கடலைக்காய் புடுங்கீட்டு இருந்தவளைக் கண்ணாடிவிரியன் போட்டிருச்சு. கணுக்கால்ல." சுப்பையனுக்கு மூச்சு வாங்கியது. "நான் ஓடினேன். கவுண்டர்கிட்டக் கெஞ்சி டிராக்டர் கேட்டு வாங்கிட்டேன் தங்கமுத்து. டிராக்டர் வந்து நின்னுச்சு. நாமக்கல்லுக்கு அரைமணி நேரம். ஊசி போட்டா எந்திரிச்சிருப்பா."

"அப்பறம்?"

"ஏறமாட்டேன்னுட்டா. அந்த சாமி ஏட்டைக் கண்ணால பார்த்துட்டுச் சொன்னாரு, நம்பிக்கையா இருங்கன்னும் சொன்னாரு, நான் ஆஸ்பத்திரிக்குப் போனா ஆண்டவரைப் பொய்யாக்கினாப்பல ஆயிருமுன்னா. காலு வீங்கி, பல்லுல ரத்தம் வந்து... பாடிக்கிட்டே கெடந்தா. சனமெல்லாம் சுத்தி நின்னு பாடுச்சு. நானும் நின்னேன். நேத்து விடியக்காலம் முடிஞ்சுபோச்சு."

மழை வராந்தாவுக்குள் சாரலடித்தது.

"நீ அன்னைக்குப் பொய் சொல்றீன்னு எனக்குத் தெரியும்" என்றார் சுப்பையன். "உன் மூஞ்சியிலேயே தெரிஞ்சது. நான் குடிச்சிருக்கோணும், இல்லாட்டி நீ பொய் சொல்றீன்னு அங்கயே சொல்லியிருக்கோணும். ரெண்டும் பண்ணல. டம்ளரைக் கீழ வச்சப்ப எனக்கு எவ்வளவு சந்தோசம்னு உனக்குத் தெரியாது. நாப்பது நாளும் உள்ளுக்குள்ள பயந்து செத்தேன். நீ வந்து தடுக்கோணும்னுதான் உனக்குக் காயிதமே போட்டேன்."

அன்றைக்கே இருவரும் புறப்பட்டார்கள். வசந்தாமணி ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவளுக்கு ஆள் அனுப்பாமலே பஸ் ஏறினார்கள். வழியெல்லாம் ஏரிகள் நிறைந்து ரோட்டோரம் தண்ணீர் நின்றது.

காலனியில் குஞ்சம்மாளின் புருஷன் செங்கோடன் வீட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். துக்கத்துக்கு வந்த சனம் இன்னும் கலையவில்லை. தங்கமுத்துவைக் கண்டதும் செங்கோடனைத் தவிர எல்லோரும் எழுந்தார்கள். ஒரு பெண் வந்து அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதை அவரால் தாங்க முடியவில்லை.

"எல்லாரும் கேளுங்க" என்றார். "ஈஸ்டர் அன்னைக்கு நான் உங்ககிட்டப் பொய் சொன்னேன். பழைய ஏட்டுல அந்த வசனம் இல்ல. போதகர் செத்துப்போவாருன்னு பயந்து இருக்குதுன்னு சொல்லிட்டேன். பாம்பு கடிச்சா ஆஸ்பத்திரிக்குத்தான் போகோணும். அது பாவமே இல்ல. குஞ்சம்மாள் சாவுக்கு நான்தான் காரணம்."

செங்கோடன் மெதுவாகத் தலையைத் தூக்கினான்.

"இப்ப எதுக்குங்க இதைச் சொல்றீங்க?"

"உண்மை அதுதாங்க."

"அவ பாடிக்கிட்டே போனாளுங்க. வலியில ஒரு சத்தம் போடல. இத்தனை சனம் பார்த்துச்சு." அவன் குரல் உயரவே இல்லை. "அது இல்லைன்னா அவ எதுக்குங்க செத்தா? சொல்லுங்க. ஒண்ணுமில்லாததுக்கா செத்தா?"

தங்கமுத்து அவனை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்தார்.

"இருக்குதுன்னே சொல்லிட்டுப் போயிருங்க சாமி. உங்க காலுல உழுகறேன்."

அவன் நிஜமாகவே எழுந்து வந்தான். தங்கமுத்து பின்னால் நகர்ந்தார். "இல்லீங்க. என்னால முடியாது" என்றார். செங்கோடன் அவரை ஒரு கணம் பார்த்தான். பிறகு திரும்பி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். சனம் ஒவ்வொருவராக அவரைத் தொடாமல், ஒதுங்கி, கலைந்து போயிற்று.

சேலம் திரும்பியதும் துணைமுதல்வர் பதவி வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டார். நடந்ததை அப்படியே எழுதி மாத இதழுக்கு அனுப்பினார். அவர்கள் போடவில்லை. சொந்தச் செலவில் நோட்டீஸ் அடித்துத் தபாலில் அனுப்பினார். முதல்வர் அவருடன் பேசுவதை நிறுத்தினார். இலக்கண வகுப்பு மறுபடியும் வந்தது. வசந்தாமணி, "போயிப் பொய் சொல்லுங்கன்னு சொன்னவளே நான்தானுங்க" என்று ஒருநாள் அழுதாள். அவளைத் தேற்ற அவருக்கு வார்த்தை கிடைக்கவில்லை. கிரேக்கம், எபிரேயம், ஜெர்மன், தமிழ் என்று நான்கு மொழி தெரிந்தவர்.

புதூர்ச் சபை இரண்டாக உடைந்தது. பாதிப்பேர் சுப்பையனோடு இருந்தார்கள். அடுத்த வருஷம் அவர்களில் ஒரு பெண்பிள்ளையைப் பாம்பு கடித்தபோது, சுப்பையன் லாரியை மறித்து ஏற்றிக்கொண்டு போய்ப் பிழைக்கவைத்தார். செங்கோடனும் மற்றவர்களும் பிரிந்துபோய்க் கீற்றுக்கொட்டகை போட்டுத் தனியாகக் கூடினார்கள். ஊர் ஊராகப் போகும் ஊழியக்காரர் ஒருவர் அவர்களுக்குப் போதகராக வந்து சேர்ந்தார். அவர் ஒரு துண்டுப்பிரசுரம் அச்சடித்தார். மேலே குஞ்சம்மாளின் மரணம், 'பாடிக்கொண்டே பரலோகம் போன சகோதரி' என்று. கீழே கொட்டை எழுத்தில்: 'ஜெர்மனி சென்று ஆராய்ந்த டாக்டர் தங்கமுத்து ஐயா அவர்களே சாட்சி: அது இருக்கிறது.'

ராசிபுரம் பஸ் நிலையத்தில் அந்தப் பிரசுரம் ஒருவர் கையிலிருந்து தங்கமுத்துவின் கைக்கே வந்தது. பிறகு இளம்பிள்ளையில் இருக்கிறது என்றார்கள், பள்ளிபாளையத்தில் இருக்கிறது என்றார்கள். 1981இல் மல்லசமுத்திரம் பக்கம் ஒரு ஆள் மருந்து குடித்துச் செத்தார். அவர் சட்டைப்பையில் அந்தப் பிரசுரம் மடித்து இருந்ததாக வசந்தாமணி வார்டில் கேள்விப்பட்டு வந்து சொன்னாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் தங்கமுத்து புறப்பட ஆரம்பித்தார். பிரசுரம் போன ஊர்களை விசாரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் போய் நின்று, நான் சொன்னது பொய் என்று சொல்லிவிட்டு வருவார். சில ஊரில் கேட்டுக்கொண்டார்கள். சில ஊரில் யார் நீ என்று விரட்டினார்கள்.

1983 பங்குனியில் திருச்செங்கோட்டுக்குத் தெற்கே ஒரு ஜெபக்கொட்டகைக்குப் போனார். நூறு பேர் இருந்தார்கள். பெயரைச் சொன்னதும் அங்கிருந்த ஊழியக்காரர் எழுந்து ஓடிவந்து கையைப் பற்றிக்கொண்டார். "அந்த சாட்சி சொன்ன அய்யா நீங்கதானுங்களா?" ஒரு மாலையும் வந்து கழுத்தில் விழுந்தது. பேசச் சொன்னார்கள்.

தங்கமுத்து மாலையைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். டம்ளரை, பஸ்ஸை, குஞ்சம்மாளின் காலை, டிராக்டர் வந்து காத்து நின்றதை. எதையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்தபோது முன்வரிசைப் பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். புரிந்துவிட்டது என்று ஒரு கணம் நினைத்தார்.

ஊழியக்காரர் எழுந்து அவர் தோளில் கையைப் போட்டார். முகத்தில் கொஞ்சமும் கலக்கம் இல்லை.

"கேட்டீங்களா சகோதரங்களே? அய்யா நம்ம விசுவாசத்தைச் சோதிச்சுப் பார்க்கறாரு. இல்லைன்னு சொன்னா நாம விட்டுருவமான்னு பார்க்கறாரு. விட்டுருவமா?"

"மாட்டோம்" என்றது கொட்டகை.

"நான் சோதிக்கலீங்க. நிஜமாத்தான் சொல்றேன்" என்று தங்கமுத்து கத்தினார். அதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது. கைதட்டல் ஏறிக்கொண்டே போயிற்று. பின்வரிசையில், மடியில் பிள்ளையை வைத்திருந்த ஒரு சின்னப்பெண் மட்டும் பாடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளை நோக்கித் தலையை இல்லை என்று ஆட்டினார். அவள் சிரித்துவிட்டு, பிள்ளையின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துத் தட்டவைக்க ஆரம்பித்தாள்.